ஆசிரியரின் கடிதம் கேட்கும் நல்கைகள்: அயல்நாட்டு இதழியல் பரிமாற்றத்தில் தலித் செய்தியாளர்களின் இடம்

பணியிலிருக்கும் செய்தியாளர்களை அயல்நாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள செய்தியறையிலோ பல்கலைக்கழகத்திலோ சில மாதங்கள் இருத்தி, பின்னர் தாயகம் திருப்பி அனுப்பும் நல்கைகள் பல உள்ளன. ஃபெல்லோஷிப் என்ற பெயரிலேயே இவை நம்மிடையே அறியப்படுகின்றன. இவற்றுக்கான அறிவிப்புகள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. இதழியல் பயிலும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் அவற்றைப் பகிர்கிறார்கள். ஆயினும் விண்ணப்பிக்கும் நிலைக்கு வரும் தலித் செய்தியாளர்கள் மிகச் சிலரே. இதற்குத் தன்னம்பிக்கைக் குறைவே காரணம் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்நல்கைகளின் விதிகளை வரிவரியாகப் படித்தால் வேறொரு காரணம் தென்படும். அதை விளக்குவதும், நாம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

எவை இந்நல்கைகள்?

இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அயல்நாட்டுச் செய்தியறையில் பணிபுரியும் வாய்ப்பு. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் நிர்வாக ஆசிரியராக இருந்த ஆல்ஃபிரட் ஃப்ரெண்ட்லியின் பெயரால் 1980களில் தொடங்கப்பட்ட திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வளரும் நாடுகளைச் சேர்ந்த 25 முதல் 35 வயதுக்குட்பட்ட செய்தியாளர்களை அது தேர்ந்தெடுக்கிறது. மிசோரி பல்கலைக்கழக இதழியல் பள்ளியில் பயிற்சி அளித்து, அமெரிக்கச் செய்தியறைகளில் சில மாதங்கள் பணியில் அமர்த்துகிறது.

இரண்டாம் வகை, பல்கலைக்கழக நல்கை. ஹார்வர்டின் நீமன் நல்கை 1938ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. இதைப் பெறுவோர் ஒரு கல்வியாண்டு முழுவதும் அங்கே தங்கி, தாம் விரும்பும் துறைகளைப் பயிலலாம். ஆக்ஸ்ஃபோர்டில் இயங்கும் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் நல்கையும் இத்தகையதே.

மூன்றாம் வகை, குறுகிய காலப் பயிற்சி. தெற்காசியச் செய்தியாளர்களுக்காகப் பிரிட்டன் அரசு நடத்தும் செவனிங் இதழியல் திட்டம் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் சில வாரங்கள் நடைபெறுகிறது. ஐ.நா. செய்தியாளர்கள் 1961இல் தொடங்கிய டாக் ஹமர்ஷெல்டு நிதியம், ஆண்டுக்கு நான்கு பேரை நியூயார்க்குக்கு அழைத்து ஐ.நா. பொதுச்சபையின் அமர்வுகளைச் செய்தியாக்கும் வாய்ப்பளிக்கிறது.

நான்காம் வகைக்கு நாம் விண்ணப்பிக்கவே இயலாது. அமெரிக்க வெளியுறவுத்துறையின் பன்னாட்டுப் பார்வையாளர் தலைமைத்துவத் திட்டம் அத்தகையது. தூதரகமே ஆட்களைத் தேர்ந்து அழைக்கும். தூதரக அலுவலர்களின் கண்ணில் படும் வட்டத்துக்குள் இருப்பவருக்கே அந்த அழைப்பு வரும்.

இந்நல்கைகளில் பெரும்பாலானவை பயணம், தங்குமிடம், மாதச் செலவு ஆகியவற்றை ஏற்கின்றன. ஆகவே பணமில்லை என்பது மட்டுமே தடையன்று. தடை அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது.

விதிகளுக்குள் ஒளிந்திருக்கும் வாசற்படி

தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வட்டாரத்தில் செய்தி சேகரிக்கும் ஒரு பகுதிநேர நிருபரை எண்ணிப் பார்ப்போம். இவர் எங்கள் கற்பனை. ஆனால் இவரது பணிநிலை கற்பனையன்று. அச்சான செய்திக்கு மட்டுமே இவருக்குக் காசு. பணி நியமன ஆணை கிடையாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அடையாள அட்டை ஒன்றே சான்று. இவர் எழுதும் செய்தி பெரும்பாலும் 'நமது நிருபர்' என்ற பெயரில் வெளிவரும். சில வேளைகளில் விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் இவர் தலையில் விழும்.

இவருக்கு எழுதுவதற்குப் பொருள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. அவ்வாறு இணைந்த நகராட்சிகளுள் செம்பாக்கமும் ஒன்று. செம்பாக்கம் ஏரியில் பல ஆண்டுகள் கழிவுநீர் கலந்தது. பின்னர் தன்னார்வ நிறுவனங்களின் துணையுடன் அதைச் சீரமைக்கும் பணி நடந்தது. அந்த ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி வடிகிறது. 2022இல் அச்சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சற்றுக் கிழக்கே பெரும்பாக்கத்தில், நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டுள்ளன. அவர்களில் தலித் மக்கள் ஏராளம். நீர்நிலைகளைக் காப்பதற்காக யார் அகற்றப்படுகிறார்கள், புதிதாக இணைக்கப்பட்ட பகுதிகளின் கழிவுநீரை யார் கையால் அள்ளுகிறார்கள், வெள்ளம் வரும்போது யார் வீடு முதலில் மூழ்குகிறது ஆகிய கேள்விகள் இன்று உலகெங்கும் காலநிலை இதழியலின் மையக் கேள்விகள். செம்பாக்கம் நிருபருக்கு இவை அன்றாடம்.

இனி நல்கைகளின் விதிகளை இவர் முன்னே வைத்துப் பார்ப்போம்.

*முழுநேரப் பணி அனுபவம்.* நீமன் நல்கைக்கு ஐந்து ஆண்டு முழுநேர ஊடகப் பணி வேண்டும். இவர் பத்தாண்டு எழுதியிருக்கலாம். ஆனால் நியமன ஆணை இல்லாதவரின் பத்தாண்டு, கணக்கில் ஒரு நாளாகவும் பதிவதில்லை.

*பெயருடன் வெளியான படைப்புகள்.* ஏறத்தாழ எல்லா நல்கைகளும் இவற்றைக் கேட்கின்றன. 'நமது நிருபர்' என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதை மெய்ப்பிக்க ஆவணம் ஏதுமில்லை.

*ஆங்கிலம்.* ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வொன்றை எழுதவே 17,000 ரூபாய்க்கு மேல் ஆகும். மூன்று செய்திகள் சேர்ந்தாலும் சில நூறு ரூபாயைத் தாண்டாத வருவாயில் அது பெருந்தொகை. அதைவிட முதன்மையான கேள்வி ஒன்றுண்டு: தமிழில் சிறந்த செய்தியாளராக இருப்பதற்கும் ஆங்கிலத்தில் நேர்காணல் தருவதற்கும் என்ன தொடர்பு?

*ஆசிரியரின் கடிதம்.* இதுவே மிக உயரமான வாசற்படி. டாக் ஹமர்ஷெல்டு நிதியத்தின் நிபந்தனைகளைப் பாருங்கள். விண்ணப்பதாரர் மூன்று மாதம் நியூயார்க்கில் தங்க அவரது நிறுவனம் இசைவு தர வேண்டும். அவர் அனுப்பும் செய்திகளை வெளியிடுவதாக உறுதியளிக்க வேண்டும். அக்காலத்தில் அவருக்கு ஊதியம் தொடரும் என்றும் உறுதியளிக்க வேண்டும். செய்தியாளர் வேலையிழந்துவிடலாகாது என்ற நன்னோக்கம் இதில் உண்டு. ஆனால் இதன் விளைவு வேறு. யார் போகலாம் என்று முதலில் முடிவெடுப்பவர் நியூயார்க்கில் இல்லை. அவர் சென்னையிலோ டெல்லியிலோ ஆசிரியர் நாற்காலியில் இருக்கிறார்.

அந்த நாற்காலியில் இருப்பவர் யார்?

இக்கேள்வியை இந்திய ஊடக உலகின் முன் உரக்க வைத்ததில் அயல்நாட்டுச் செய்தியாளர் ஒருவருக்குப் பங்குண்டு. 1996இல் வாஷிங்டன் போஸ்டின் டெல்லிச் செய்தியாளராக இருந்தவர் கென்னத் கூப்பர். அவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். தலித் செய்தியாளர் ஒருவரின் கருத்தைக் கேட்க விரும்பிய அவர், மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலின் உதவியை நாடினார். தமது முப்பதாண்டுக்கும் மேற்பட்ட பணிக்காலத்தில் அப்படி ஒருவரையும் சந்தித்ததில்லை என்பது உனியாலுக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவண் அரசின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலை அவர் எடுத்துப் பார்த்தார். அதிலிருந்த 686 பேரில் 454 பேரின் பெயரே அவர்தம் உயர்சாதி அடையாளத்தைக் காட்டியது. எஞ்சியோரில் 47 பேரிடம் கேட்டறிந்தபோது ஒருவரும் தலித் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் பயனியர் நாளிதழில் அவர் இதை எழுதினார்.

பத்தாண்டு கழித்து, 2006இல், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகியோர் டெல்லியின் 37 இந்தி, ஆங்கில ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட அறிக்கை 121 தலைமைப் பொறுப்புகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒன்றுகூட இல்லை.

கூப்பருக்கு அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1967 கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம், 1968இல் அளித்த அறிக்கையில் ஊடகங்களையும் கூண்டிலேற்றியது. செய்தித்துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு, ஆசிரியர் பொறுப்புகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று அது பதிவு செய்தது. 1978இல் அந்நாட்டு நாளிதழ் ஆசிரியர் சங்கம், மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பச் செய்தியறைகளை மாற்றுவதை 2000ஆம் ஆண்டுக்கான இலக்காக அறிவித்தது. இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் ஆண்டுதோறும் தலைகளை எண்ணும் வழக்கம் உருவாயிற்று. எண்ணிப் பழகிய துறையிலிருந்து வந்தவர் என்பதால்தான் கூப்பரால் எண்ணிக்கையைக் கேட்க முடிந்தது. இதழியல் பரிமாற்றம் என்பது நுட்பங்களைக் கற்றுவருவது மட்டுமன்று. கேள்விகளும் நாடு விட்டு நாடு பயணம் செய்கின்றன.

இரண்டு ஏடுகள், இரண்டு பயணங்கள்

அயல்நாட்டுப் பயணமும் தலித் இதழியலும் நமக்குப் புதியனவல்ல. செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, அதனால் உயர்சாதியினரே அதிகாரத்தைக் கைப்பற்றுவர் என்று எதிர்த்து, 3,412 பேர் கையொப்பமிட்ட மனுவைப் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பச் செய்தார். தேர்வு எங்கே நடக்கிறது, யார் அதை எழுத இயலும் என்பவை சாதிக் கேள்விகள் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். 1900இல் லண்டன் செல்லும் நோக்குடன் அவர் புறப்பட்டார். பயணம் ஆப்பிரிக்காவில் நின்றுபோயிற்று. 1921இல்தான் தாயகம் திரும்பினார். அவர் புறப்பட்டதோடு ஏழாண்டு நடந்த 'பறையன்' நின்றது.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கர் 1917இல் திரும்பினார். 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' ஏட்டைத் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அதற்கு 2,500 ரூபாய் தந்துதவினார். அந்த ஏட்டின் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடக்கூடத் திலகரின் 'கேசரி' மறுத்தது. அவ்வாண்டு ஜூலையில் படிப்பைத் தொடர அம்பேத்கர் மீண்டும் லண்டன் சென்றார். பிறர் பொறுப்பில் தள்ளாடிய 'மூக்நாயக்' 1923இல் நின்றுபோனது.

இவ்விருவரின் பயணமும் நம் வரலாற்றுக்குப் பெரும்பயன் தந்தது. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இருவரும் ஒன்றாக அமர்ந்து நம் உரிமைகளை எடுத்துரைத்தனர். ஆனால் அவர்கள் இல்லாத காலத்தில் ஏடு நிலைக்கவில்லை. ஒருவரையே நம்பி நடக்கும் ஏட்டிலிருந்து அந்த ஒருவரை அழைத்துச் சென்றால் என்ன நேரும் என்பதற்கு இவை சான்று. இன்றும் நம் ஊடகங்கள் இரண்டு, மூன்று பேரின் உழைப்பில் நடப்பவை. பெரிய நாளிதழ் ஒன்று தன் செய்தியாளரை ஆறு மாதம் அனுப்பினால் வேறொருவர் அந்த வேலையைப் பார்ப்பார். நம்மைப் போன்ற சிறு தளத்திலிருந்து ஒருவர் சென்றால் ஒரு மாவட்டத்தின் செய்தியே நின்றுவிடும். நல்கை, செல்பவரின் செலவைப் பார்த்துக்கொள்கிறது. அவர் விட்டுச் செல்லும் இடத்தை நிரப்பும் செலவு எவர் கணக்கிலும் வருவதில்லை.

பன்மைத்துவம் என்ற கணக்கில் சாதி

அயல்நாட்டு நிறுவனங்கள் பன்மைத்துவத்தில் அக்கறை காட்டுகின்றன. ஆனால் அவற்றின் கணக்கு பெரும்பாலும் நாடு, இனம், பாலினம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து ஒருவர் வந்துவிட்டால் பன்மைத்துவம் நிறைவேறிவிட்டதாகக் கருதப்படுகிறது. அவர் எந்தச் சாதியிலிருந்து வந்தார் என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

அந்தக் கட்டத்தைக் கேட்கும் அடிப்படை இப்போது நமக்கு உண்டு. பிரான்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான விதியை ஏற்றது. ஹார்வர்டின் பட்டதாரி மாணவப் பணியாளர் ஒப்பந்தத்தில் 2021இல் சாதி பாதுகாக்கப்பட்ட அடையாளமாயிற்று. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் அதைப் பின்பற்றியது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார் என்பதும் உண்மை. போராட்டம் முடியவில்லை. ஆயினும் சாதி என்றால் என்னவென்றே தெரியாது என்று அங்குள்ள நிறுவனங்கள் இனிச் சொல்ல இயலாது.

அரசின் திட்டங்கள் எங்கே நிற்கின்றன?

பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, முதுகலை மற்றும் முனைவர் பட்டப் படிப்புகளுக்கு மட்டுமே உரியது. ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் எட்டு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இத்தொகை கிடையாது என விதி திருத்தப்பட்டது. அதாவது, சாதியைப் பற்றி ஆராயவிருக்கும் தலித் மாணவருக்கே கதவு அடைக்கப்பட்டது. 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் ஆணை தரப்பட்டது. மற்றவர்கள் நிதி கிடைத்தால் பெறுவர் என்று அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் அதுவும் பட்டப் படிப்புக்கே. ஆறு மாதம் செய்தியறையில் பணிபுரியச் செல்லும் செய்தியாளர் இவ்விரண்டு திட்டங்களுக்குள்ளும் வருவதில்லை. 2021இல் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட பத்திரிகையாளர் நல வாரியம் இந்த இடைவெளியை நிரப்ப முன்வரலாம்.

செய்யத் தக்கவை

முதலில், விண்ணப்பிக்க எண்ணும் இளையோருக்கு.

1. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஆவணம் சேருங்கள். அடையாள அட்டையின் நகல், ஊதியம் வரவான வங்கிப் பதிவு, செய்தி அனுப்பிய மின்னஞ்சல், அச்சான பக்கத்தின் படம் ஆகியவற்றைத் தேதியிட்டு வையுங்கள். பெயரின்றி வெளியான செய்தியும் உங்களுடையதே என்பதை மின்னஞ்சல் காட்டும்.

2. உங்கள் சிறந்த ஐந்து செய்திகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். மொழிபெயர்த்தவர் பெயரையும் குறிப்பிடுங்கள். மூலம் தமிழில் இருப்பது குறையன்று.

3. கடவுச்சீட்டை இப்போதே எடுங்கள். முகவரிச் சான்றும் காவல்துறைச் சரிபார்ப்பும் வாடகை வீட்டில் வாழ்வோருக்கும் மறுகுடியமர்த்தப்பட்டோருக்கும் காலம் பிடிப்பவை.

4. எழுதும் திட்டத்தை உங்கள் வட்டாரத்திலிருந்து தொடங்குங்கள். 'இந்தியாவில் காலநிலை மாற்றம்' என்ற தலைப்பில் எழுத ஆயிரம் பேர் உண்டு. செம்பாக்கம் ஏரிக்கும் பெரும்பாக்கம் குடியிருப்புக்கும் இடையிலான தொடர்பை எழுத உங்களைவிடத் தகுதியானவர் அரிது.

5. விசா விதிகளைப் படியுங்கள். அமெரிக்கப் பரிமாற்ற விசாவில் அரசு நிதியுடன் செல்வோர், நாடு திரும்பி இரண்டாண்டு கழியும் முன் அங்கு வேலைக்கான விசாவோ குடியேற்ற விசாவோ பெறுவது கடினம். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியை நிறுத்திவைத்ததையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு நாட்டின் திட்டத்தை மட்டும் நம்பியிராதீர்கள்.

6. உள்நாட்டு வாய்ப்புகளை முதற்படியாகக் கொள்ளுங்கள். தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரி தலித், பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை ஒதுக்கிவந்துள்ளது. பாரி எனப்படும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக்காப்பகமும் செய்தியாளர்களுக்கு நல்கை வழங்கியுள்ளது.

அடுத்து, இயக்கங்களாகிய நாம் நல்கை நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை. ஆசிரியரின் கடிதத்துக்கு மாற்றாகப் பத்திரிகையாளர் சங்கம், இதழியல் ஆசிரியர், உரிமை அமைப்பு ஆகியவற்றின் கடிதத்தை ஏற்க வேண்டும். முழுநேரப் பணி என்ற சொல்லுக்குப் பதிலாக, தொடர்ந்து செய்தி வெளியிட்ட ஆண்டுகளைக் கணக்கிட வேண்டும். ஆங்கிலத்துக்கு மதிப்பெண் குறைத்து, தாய்மொழிப் படைப்பை அம்மொழி அறிந்தவரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். விண்ணப்பதாரர் விரும்பினால் சாதியைக் குறிப்பிடும் கட்டம் படிவத்தில் வேண்டும். தேர்வானோரின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சிறு ஊடகத்திலிருந்து ஒருவரை அழைத்துச் சென்றால், அவரிடத்தில் பணிபுரிபவருக்கான ஊதியத்தையும் அதே நல்கை ஏற்க வேண்டும்.

சாதியை வெளிப்படையாகச் சொல்வதில் ஆபத்து உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பத்தாண்டில் ஆங்கில ஊடகங்களில் எட்டுத் தலித் செய்தியாளர்களையே தம்மால் கண்டறிய முடிந்தது, அவர்களிலும் இருவரே தம் அடையாளத்தை வெளிப்படுத்தியவர்கள் என்று செய்தியாளர் சுதிப்தோ மண்டல் 2017இல் எழுதினார். ஆகவே அந்தக் கட்டம் கட்டாயமாக இருக்கலாகாது. அதில் தரப்படும் தகவல் ஆசிரியருக்கோ நிறுவனத்துக்கோ போய்ச் சேரவும் கூடாது.

இக்கோரிக்கைகளில் எதுவும் தகுதியைக் குறைக்கச் சொல்வதன்று. இதழியல் மாணவர் அமைப்புகள் இதை ஒரு வேலைத்திட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம். அடுத்து வெளியாகும் நல்கை அறிவிப்பை எடுத்து, அதன் விதிகளை நம் வட்டார நிருபர் ஒருவருடன் அமர்ந்து படியுங்கள். அவரைத் தடுக்கும் விதி எதுவென்று குறித்துக்கொண்டு, அதை மாற்றக் கோரி அந்நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்த நிருபரின் விண்ணப்பத்தையும் அதே வாரத்தில் அனுப்பச் செய்யுங்கள்.